இரண்டு மணி இருபது நிமிஷம்

மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாயை உறைகட்டி அடைத்துப் பக்கவாதம் கண்டவருக்கு, நரம்பில் மருந்தேற்றி அக்கட்டியைக் கரைக்க முயல்வதோடு, தொடை வழியே நுண்குழாய் செலுத்தி அதை இழுத்தெடுத்தும் விடுகிற இரட்டைச் சிகிச்சை, 2015இல் வெளியான ஐந்து பெரும் பரிசோதனைகளுக்குப் பிறகு வைத்திய உலகில் நிலைபெற்றுவிட்டது. உடனே ஒரு கேள்வியும் எழுந்தது. கட்டியை எப்படியும் எடுத்துவிடப் போகிறோமென்றால், மூளையில் இரத்தக் கசிவு உண்டாக்கும் அபாயமும் தனி விலையும் கொண்ட மருந்து எதற்கு?

சீனா, ஜப்பான், ஐரோப்பா, ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் நடந்து, 2020 முதல் 2022 வரை வெளியான ஆறு பரிசோதனைகள் இதை ஆராய்ந்தன. சராசரியைப் பார்த்தால் இரு வழிகளுக்கும் வித்தியாசம் சொற்பமே. செலவுக் கணக்கு எழுதுகிறவர் மருந்தை அடித்துவிட அதுவே போதும். ஆனால், அவற்றில் பங்கேற்ற 2,313 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து, நோய் கண்ட நேரத்திலிருந்து மருந்தேற்றும் வரை கழிந்த அவகாசத்தின்படி பிரித்துப் பார்த்த 2024ஆம் ஆண்டு ஆராய்ச்சி, சராசரி மறைத்திருந்த உண்மையை வெளிக்கொணர்ந்தது. ஒரு மணி நேரத்தில் மருந்து கிடைத்தால், பிறர் உதவியின்றி வாழும் நிலைக்குத் திரும்புவோர் நூற்றுக்கு ஒன்பது பேர் அதிகம். இரண்டு மணியில் ஐந்து பேர். மூன்று மணியில் ஒருவரே. இரண்டு மணி இருபது நிமிஷம் கடந்தபின் மருந்தால் விளையும் அனுகூலம் நிச்சயமாக நிரூபணமாகவில்லை. மருந்து வேண்டுமா என்பதற்கு, எப்போது என்று கேளாமல் விடை சொல்ல இயலாது என்பதே இதன் தாத்பரியம்.

இழுத்தெடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராக வந்து சேர்ந்தவர்களைப் பற்றியது இந்தக் கணக்கு. அவ்வசதியற்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு, தகுதியிருப்பின் மருந்தை அங்கேயே ஏற்றிப் பெரிய இடத்துக்கு அனுப்புவதை இது தடுப்பதாகக் கொள்வது பெரும் பிழை. 2025இல் வெளியான சீனப் பரிசோதனையொன்று மருந்தின் பக்கத்துக்கு மேலும் வலுச் சேர்த்திருக்கிறது. ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய ஆல்டிபிளேஸுக்குப் பதில், சில விநாடிகளில் ஒரே ஊசியாகப் போட்டு முடிக்கும் டெனெக்டிபிளேஸை முதலில் கொடுத்துக் கட்டியை எடுத்தபோது, மருந்தின்றி இழுத்தெடுத்தவர்களிடையே நூற்றுக்கு 44 ஆக இருந்த சுயேச்சையாக வாழ்வோர் 53 ஆயினர்.

இனிச் செலவு. கட்டியை இழுத்தெடுப்பதில் ஒரு மணி நேரத் தாமதம் நோயாளியின் ஆரோக்கிய வாழ்வில் சராசரியாக முக்கால் வருஷத்தைப் பறிக்கிறது என்றும், பத்து நிமிஷம் முந்தினால் கிடைக்கும் நிகர லாபம் பத்தாயிரம் டாலரைத் தாண்டுகிறது என்றும் அமெரிக்கச் சூழலுக்குச் செய்த கணிப்பொன்று கூறுகிறது. மருந்தின் விலையைப் பற்றி விவாதிப்போர், வாய் கோணிக் கைகால் விழுந்து படுத்தவரைப் பல்லாண்டு தூக்கி உட்காரவைத்து ஊட்டிவிடும் குடும்பத்தின் இழந்த கூலியையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டாமா?

அந்த நிமிஷங்களைச் சம்பாதிக்கப் புதிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை என்பதற்கு ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆஸ்பத்திரியே சாட்சி. 1998இல் வாசலிலிருந்து ஊசி வரை 105 நிமிஷம் பிடித்த அங்கே, 2011இல் 20 நிமிஷம் போதுமானதாயிற்று. ஆம்புலன்ஸிலிருந்தே முன்கூட்டித் தகவல் வந்தது. ஸ்கேன் யந்திரம் அவசரப் பிரிவுக்கே இடம் மாறியது. நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றாமல் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரோடு அங்கே தள்ளிச் சென்றார்கள். ஸ்கேன் மேஜையிலேயே மருந்து ஏறியது. இரட்டைச் சிகிச்சைக்குப் பெரும்பொருள் ஒதுக்கும் எந்த அரசாங்கமும், முதல் ரூபாயை இந்த ஏற்பாடுகளுக்கே செலவிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, சற்றுப் படுத்தால் சரியாகுமென்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். அவர் கடைசியாக நன்றாயிருந்த நேரத்தைக் குறித்துவைத்து, டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.