லிமிட்டை எடுத்தால் லேக் போகாது

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடும் பையன்களிடம் சொந்தமாக ஒரு சர்வர் போடப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் யோசனை ‘எஸ்வி மேக்ஸ்ரேட்’டைப் பூஜ்யமாக்கு என்பதுதான். ஓர் ஆட்டக்காரருக்கு சர்வர் நொடிக்கு எத்தனை பைட் வரை அனுப்பலாம் என்பதைச் சொல்லும் எண் அது. பூஜ்யம் என்றால் வரம்பே இல்லை. “முந்நூறு எம்பிபிஎஸ் லைன் இழுத்துட்டு ரேட்டை ஏன் மாப்ள கட்டி வைக்கிற?” என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை.

இந்த நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ பிராட்பேண்ட் வந்தபோது அடிப்படை வேகம் 256 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 32,000 பைட். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்த கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 கான்ஃபிக் ஃபைலில் ரேட் 25,000. ஒரே ஆள் 200 கேபிபிஎஸ் வரை கேட்கலாம். பிரவுசிங் சென்டரில் இரண்டாவது ஆள் வெளி சர்வரில் நுழைந்தாலே லைன் திணறும். அன்றைக்கு பேண்ட்வித்துக்குத்தான் பஞ்சம். கூடுதலாகக் கிடைத்தால் லேக் நிஜமாகவே குறைந்தது. பஞ்சம் போய்விட்டது, வைத்தியம் மட்டும் மாறவில்லை.

‘பெரிய பிளான் போட்டால் பிங் குறையும்’ என்பதை முதலில் தீர்த்துவிடலாம். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எவ்வளவு போகும் என்ற அளவு. பிங் என்பது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. விருதுநகரிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 460 கி.மீ. என்றால் போய்வர 5 மில்லிசெகண்ட்கூட ஆகாது. மும்பை சுமார் 1,200 கி.மீ., அதற்கு 12. சிங்கப்பூர் என்றால் சென்னைக்கு அப்பால் கடலுக்கடியில் மட்டும் 30 மில்லிசெகண்ட் சொச்சம். கேபிள் வளைந்து நெளிந்து போவதாலும் வழியில் ரௌட்டர்கள் நிற்பதாலும் நிஜத்தில் இதைவிடக் கூடும். 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கினால் இந்த எண்களில் ஒன்றும் அசையாது. கவுன்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர்கள் உண்டு. மேட்ச் எந்த ஊரில் விழுகிறது என்பதுதான் உங்கள் பிளானைவிடப் பெரிய விஷயம்.

அடுத்து, ‘லிமிட் வைத்தால் ஆட்டக்காரருக்குக் குறைவாகக் கிடைக்கும்’ என்பது. இதில் பாதி உண்மை உண்டு, அந்தப் பாதிக்குக் காரணம் தப்பாக வைத்த லிமிட். 20 எம்பிபிஎஸ் அப்லோடு இருக்கிறதே என்று 20000 என்று போட்டுவிடுகிறார்கள். அந்த எண் பிட்டில் இல்லை, பைட்டில். 20,000 பைட் என்றால் 160 கேபிபிஎஸ்தான். சர்வர் நொடிக்கு 64 அப்டேட் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 312 பைட் மிஞ்சும். பத்துப் பேர் ஒரே சந்தில் சுட்டுக்கொண்டு, நடுவில் ஸ்மோக்கும் வெடித்தால் அது பத்தாது. சர்வர் பாக்கெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், திரையில் ‘சோக்’ ஏறும். உடனே லிமிட்தான் வில்லன் என்று முடிவுகட்டி எடுத்தே விடுகிறார்கள்.

சரியாகப் போடுவது எப்படி? கேபிள்காரர் சொல்லும் வேகத்தை விடுங்கள். ஊரே ஆன்லைனில் இருக்கும் இரவு 9 மணிக்கு அப்லோடு எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். 20 எம்பிபிஎஸ் வந்தால் அதில் 85 சதவீதம், 17. இருபது ஆட்டக்காரருக்குப் பிரித்தால் தலைக்கு 1,06,250 பைட். ஒரு லட்சம் என்று வையுங்கள். 64 அப்டேட்டுக்கு வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 1,500 பைட்டுக்கு மேல், ஏறக்குறைய ஒரு முழு ஈதர்நெட் பாக்கெட். யாருக்கும் எதுவும் குறையவில்லை.

மீதி 15 சதவீதத்தை ஏன் விட்டுவைக்க வேண்டும்? சிவகாசியில் கீழே ஆபீஸ், மேலே வீடு என்று எத்தனை கட்டடங்கள்! ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் போட்டதிலிருந்து மார்கழி வரை டிசைன் ஃபைல்கள் போவதும் வருவதுமாக இருக்கும். கீழே டிசைனர் 800 எம்பி ஃபைலை டிரைவில் ஏற்றுகிறார், மேலே பையன் அதே லைனில் சர்வர் ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் ஃபைல் ஏறி முடிய ஏறக்குறைய 11 நிமிடம். அவ்வளவு நேரமும் ரௌட்டரின் பஃபரில் ஃபைலின் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். பஃபர் 1 எம்பி நிரம்பிவிட்டால், கடைசியில் சேரும் துப்பாக்கிக் குண்டு முக்கால் நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். 25 ஆக இருந்த பிங் 800-ஐத் தாண்டும். ஜிம் கெட்டிஸ் ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர் வைத்துப் பரப்பிய நோய் இதுதான். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற வழியைச் சொன்னார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, பாக்கெட் அதில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார். இன்றைக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் போட்ட ரௌட்டரில் எஸ்கியூஎம் என்ற வசதியில் அந்த வகை முறைகள் இருக்கின்றன. அது வேலை செய்யவும் ஒரு லிமிட் கொடுத்தாக வேண்டும். லைனின் முழு வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால்தான் வரிசை நம் ரௌட்டரில் உருவாகும், நாம் சொல்கிறபடி நகரும். இல்லாவிட்டால் அது கேபிள்காரரின் பெட்டியில் உருவாகும். அங்கே நம் பேச்சு எடுபடாது.

‘வீட்டில் வேண்டாம், மும்பை டேட்டா சென்டரில் ஜிகாபிட் லைனோடு வாடகைக்கு எடுக்கிறேன், அங்கே எதற்கு லிமிட்?’ என்பார்கள். நெரிசல் சர்வர் வாசலில் இல்லை, ஆட்டக்காரர் வாசலில் இருக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கின் பிந்தைய பதிப்பான சிஎஸ்:ஜிஓ-வில் ஓர் ஆள் கேட்கக்கூடிய உச்ச ரேட் 7,86,432 பைட், அதாவது 6 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல். சாதாரண ஆட்டத்தில் யாரும் அவ்வளவு இழுப்பதில்லை என்பது சரி. ஆனால் ஓர் ஆள் புதிதாக நுழையும்போது ஆட்டக்களத்தின் மொத்த நிலையையும் அனுப்பியாக வேண்டும், அப்போது துள்ளும். வெம்பக்கோட்டைப் பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவருக்கு அது தாங்காது. பிரவுசரும் யூடியூபும் பாக்கெட் தொலைந்தால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஆட்டங்கள் பாக்கெட் அனுப்பும் யூடிபி முறைக்கு அந்தப் பழக்கம் கிடையாது, தொலைந்தாலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு இருக்கும் முக்கிய பிரேக் இந்த ரேட் எண்தான். பட்டாசு ஆலையில் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது உற்பத்தியைக் குறைக்க வந்த விதியா? ஏதாவது ஆனால் சேதம் அந்த அறையோடு நிற்கட்டும் என்று வந்தது. தலைக்கு ஒரு ரேட் வைப்பதும் அதற்குத்தான்.

ஆட்டமே ஆடாமல் சர்வரிடம் ‘யார் இருக்கிறார்கள், எந்த மேப்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் கூட்டமும் உண்டு. முகவரியைப் போலியாகப் போட்டு, சின்னக் கேள்விக்கு வரும் பெரிய பதிலை வேறொருவர் தலையில் கொட்டுவது பழைய தந்திரம். கேள்விகளுக்கும் நொடிக்கு இத்தனை என்று வரம்பு வைக்க அந்த சர்வரிலேயே இடம் இருக்கிறது. மைன்கிராஃப்டிலும் அளவுக்கு மீறி பாக்கெட் அனுப்புகிறவரை வெளியே தள்ள கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி உண்டு. அதைப் பூஜ்யத்திலேயே விட்டு வைத்திருப்பதால் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

வரம்பில்லாமல் விடலாம் என்ற கட்சிக்கு ஓர் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன். கல்லூரி சிம்போசியத்தில் ஒரே ஹாலில் இருபது கம்ப்யூட்டர், ஒரே ஜிகாபிட் ஸ்விட்ச், சர்வரும் அதே மேஜையில். எல்லோருக்கும் ஒரே தூரம், ஒரே வேகம், வெளி லைன் இல்லை. அங்கே பூஜ்யம் வைக்கலாம், நானும் அப்படித்தான் வைப்பேன். யாராவது அதே ஸ்விட்ச்சில் இன்டர்நெட்டைக் கோத்துவிட்டு, ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் ஓட ஆரம்பித்தால் மட்டும் முதலில் அந்த ஒயரைப் பிடுங்குங்கள்.