டெஸ்டர் எரிந்தால் போதுமா?



வீட்டில் லைட் எரியவில்லை என்றால் நம் கை முதலில் எதைத் தேடும்? டெஸ்டரைத்தான். ஃப்ரிட்ஜ் தலையிலோ தையல் மெஷின் டிராயரிலோ ஒன்று கட்டாயம் கிடக்கும். பிளக் ஓட்டையில் விட்டு, பின்பக்கம் விரலை வைத்து, உள்ளே சிவப்பாக எரிகிறதா என்று குனிந்து பார்ப்போம். எரிந்தால் கரண்ட் உண்டு, எரியாவிட்டால் இல்லை. அத்தோடு விசாரணை முடிந்தது.

கொஞ்ச காலமாக வரும் கடிதங்களில் இன்னொரு கருவியின் பெயர் அடிபடுகிறது. ஓய்வுபெற்ற பெரியவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வீட்டு வேலைகளைத் தானே பார்க்கப் பழகிக்கொண்ட அம்மாக்கள் என்று பலரும் கேட்கிறார்கள்: “ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று நானே செய்யப் போகிறேன். மாடித் தோட்டத்துக்கு லைட் போடணும். கொலுப்படிக்கு சீரியல் லைட் சரிபண்ணணும். மல்டிமீட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். எது நல்லது?”

கடையில் இதைக் கேட்டால், “எவ்வளவு ரூபாய்க்குள்ள வேணும் சார்?” என்பார்கள். நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். அதன் முனையை வீட்டில் எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், பாதி மீட்டர்களை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள்.

அதற்கு முன், டெஸ்டர் இருக்கும்போது மீட்டர் எதற்கு?

டெஸ்டருக்குள் இருப்பது ஒரு சின்ன நியான் விளக்கும் ஒரு பெரிய ரெசிஸ்டரும்தான். மிகச் சிறிய அளவு கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போவதால்தான் அது எரிகிறது. எத்தனை வோல்ட் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நியூட்ரல் வயர் எங்காவது விட்டுப் போயிருந்தால், ஏதாவது ஒரு லைட்டின் சுவிட்ச் போட்டிருக்கும்போது, பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். ஆனால் வீட்டில் ஒன்றும் ஓடாது. “கரண்ட் இருக்கு, ஆனா லைட் எரியல” என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்போம். எரியாத டெஸ்டரை நம்பி வயரைத் தொடுவது இன்னும் ஆபத்து. டெஸ்டரே கெட்டுப் போயிருந்தால்?

மல்டிமீட்டர் அப்படி மழுப்பாது, எண்ணாகச் சொல்லிவிடும். மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயிண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக நின்று பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. பேஸ்-நியூட்ரல் ஒன்றும் காட்டாமல் பேஸ்-எர்த் மட்டும் 230 காட்டினால், கோளாறு நியூட்ரலில். பேஸ்-எர்த் அளவு எங்கோ நடுவில் தொங்கினால், எர்த் வயர் அந்த பாக்ஸ் வரை வந்து சேரவே இல்லை என்று சந்தேகப்படலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது “என்னமோ ஆச்சு, வந்து பாருங்க” என்று சொல்வதற்கும், “மூணாவது பாயிண்ட்ல நியூட்ரல் வரல தம்பி” என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

சாயங்காலம் ஆனால் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்றால் அப்போதும் ஒரு எண் கையில் இருப்பது நல்லது. “வோல்டேஜ் குறையுது” என்று மின்வாரியத்தின் மின்னகத்தில் புகார் சொல்வதைவிட, “ஏழு மணிக்கு 180தான் வருது” என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, கடைக்குப் போவோம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி மீட்டர் கடைக்குக் கடை தொங்கும். இருநூறு, முந்நூறு ரூபாய். பார்க்க அழகாக இருக்கும், கையில் அடங்கும். ரிமோட் பேட்டரி, பையனின் சயின்ஸ் எக்ஸிபிஷன் மோட்டார், டார்ச் லைட், 12 வோல்ட் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் இவற்றுக்கு அது தாராளமாகப் போதும். அதைக் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் அதே மீட்டரை மெயின் லைனில் வைக்கலாமா? வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அது தப்பான அளவு காட்டும் என்பதால் அல்ல, 230 வோல்ட்டையும் ஓரளவு சரியாகவே காட்டும். ஓட்டைக் குடையும் மழை வரும்வரை நல்ல குடைதான்.

இங்கே மழை எது? நம் வீட்டுக்கு வரும் லைன் எப்போதும் சாதுவாக 230-லேயே நிற்பதில்லை. எங்கோ மின்னல் இறங்கினாலும், டிரான்ஸ்ஃபார்மரை அணைத்துப் போட்டாலும், பெரிய மோட்டார் நின்றாலும், கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு துள்ளல் துள்ளி அடங்கும். லைட்டில்கூடத் தெரியாது. அந்த நொடியில் உங்கள் கையில் மீட்டர் இருந்தால், துள்ளலைத் தாங்கிக்கொள்ள வேண்டியது அதன் உள்பாகம். தாங்காவிட்டால் வெடிப்பது உங்கள் முகத்துக்கு முன்னால்.

அதற்காகத்தான் மீட்டர்களின் மேல் ‘கேட்’ என்று ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்தில் ரோமன் எண்ணில் 2, 3, 4 என்று குறித்திருப்பார்கள். ஐ.இ.சி. 61010 என்ற சர்வதேசத் தரம் வகுத்த பிரிவுகள் இவை. பிளக்கில் செருகி ஓடும் சாமான்களுக்குக் கேட் 2. சுவருக்குள் ஓடும் வயரிங், எம்.சி.பி. இருக்கும் டி.பி. பாக்ஸ் இவற்றுக்குக் கேட் 3. இ.பி. மீட்டர், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் லைன் என்றால் கேட் 4. தெருக் கம்பத்தை நெருங்க நெருங்க, துள்ளலுக்குப் பின்னால் இருக்கும் பலமும் கூடுகிறது.

600 வோல்ட் என்று எழுதிய இரண்டு மீட்டர்களில் ஒன்று கேட் 2, இன்னொன்று கேட் 3 என்றால், முதலாவது 4,000 வோல்ட் துள்ளலையும் இரண்டாவது 6,000 வோல்ட் துள்ளலையும் தாங்கிக் காட்ட வேண்டும் என்கிறது அந்தத் தரம். நம் வீட்டு வேலைக்குக் கேட் 3, 600 வோல்ட் என்று பிடித்துக்கொள்ளுங்கள். கேட் 4 இடங்களில் நமக்கு வேலையே இல்லை. அங்கே கை வைக்கக் கூடாது.

எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் கடையிலேயே மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, ஃபியூஸ். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே தெரிவது மெல்லிய கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் என்றால் மெயின் லைனுக்கு அது லாயக்கில்லை. நல்ல மீட்டரில் மணல் அடைத்த, கொஞ்சம் தடித்த பீங்கான் ஃபியூஸ் இருக்கும். 600 வோல்ட்டோ 1,000 வோல்ட்டோ அதன் மேலேயே எழுதியிருக்கும். மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் ‘இதற்கு ஃபியூஸ் இல்லை’ என்று பொடி ஆங்கில எழுத்தில் அவர்களே போட்டிருப்பார்கள். நாம்தான் படிப்பதில்லை.

இரண்டு, வயர். சிவப்பு, கருப்பு வயர் இரண்டும் மெத்தென்று தடிமனாக இருக்க வேண்டும். விரல் வழுக்கி முனைக்குப் போய்விடாமல் ஒரு தடுப்பு வளையம் இருக்க வேண்டும். வயரிலும் கேட் எண் போட்டிருக்கும். மீட்டர் கேட் 3-ஆக இருந்து வயர் கேட் 2 என்றால், மொத்தமும் கேட் 2 என்றுதான் கணக்கு. முனையில் வெளியே தெரியும் உலோகம் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இல்லாமலிருப்பது டி.பி. பாக்ஸ் வேலைக்கு நல்லது. நீளமான முனை பக்கத்து வயரையும் சேர்த்துத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும்.

மூன்று, சான்று. சி.இ. முத்திரை என்பது பெரும்பாலும் கம்பெனி தனக்குத்தானே கொடுத்துக்கொள்வது. யூ.எல்., டி.யூ.வி. மாதிரி வெளி ஆய்வகத்தின் முத்திரை இருந்தால் கூடுதல் நம்பிக்கை.

கம்பெனி பெயர்? நாசிக்கின் ரிஷப், மோட்வானே, நவி மும்பையின் மெக்கோ, அமெரிக்காவின் ஃப்ளூக், சீனாவின் யூனி-டி என்று பல பெயர்கள் கடையில் கிடைக்கும். பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே கம்பெனி சாதா மாடலும் போடும், நல்ல மாடலும் போடும். மாடலுக்கு மாடல் கேட் எண்ணைப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு உருப்படியான மீட்டர் சுமார் ஆயிரத்தைந்நூறிலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும்.

மற்ற வசதிகள்? 1923-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஏவோமீட்டர்தான் இன்றைய மல்டிமீட்டர்களுக்கெல்லாம் முன்னோடி. டொனால்ட் மெக்காடி என்ற தபால் துறை இன்ஜினீயர் உருவாக்கியது. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளந்தது. நூறு வருஷம் கழித்தும் வீட்டுக்குத் தேவை இந்த மூன்றுக்குள்தான். அதிலும் மெயின் லைனில் ஆம்பியரை விட்டுவிடலாம் என்பேன். ஏ.சி. எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று தெரிய வேண்டுமானால், வயரை அறுக்காமல் சுற்றிப் பிடித்தே அளக்கும் டாங் டெஸ்டர் இருக்கிறது.

கட்டாயம் வேண்டியவை, அளவுக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும் ஆட்டோ ரேஞ்சும், இரண்டு முனைக்கும் நடுவே இணைப்பு இருந்தால் எழும் பீப் சத்தமும். ட்ரூ ஆர்.எம்.எஸ். இருந்தால் நல்லது. இன்வெர்ட்டரிலிருந்தும் டிம்மரிலிருந்தும் வரும் கோணல் மாணலான கரண்ட்டை அது சரியாக அளக்கும். டிரான்ஸிஸ்டர் சோதிக்கும் ஓட்டையும் வெப்பநிலையும் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

பீப் சத்தத்தின் அருமை, நீங்கள் செய்த ஜங்ஷன் பாக்ஸைச் சோதிக்கும்போது தெரியும். எதிலும் செருகாமல் பாக்ஸை மேஜை மேல் வையுங்கள். பிளக்கின் எர்த் பின்னில் ஒரு முனை, பாக்ஸின் ஒவ்வொரு மேல் ஓட்டையிலும் இன்னொரு முனை. எல்லாவற்றிலும் பீப் வர வேண்டும். சுவிட்சைப் போட்டு, பேஸ் பின்னுக்கும் வலது ஓட்டைகளுக்கும் பீப். சுவிட்சை அணைத்தால் பீப் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்துவிட்டீர்கள் அல்லது சுவிட்சைத் தாண்டி வயர் போகிறது. கடைசியாக பேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும், இரண்டிலிருந்தும் எர்த்துக்கும். இங்கே பீப் வரவே கூடாது. வந்தால் உள்ளே ஷார்ட், செருகாதீர்கள். ஐந்து நிமிஷ வேலை.

கரண்ட் உள்ள இடத்தில் அளக்கும்போது இரண்டு விஷயம். சிவப்பு வயர் 10 ஆம்பியர் ஓட்டையில் இருக்கும்போது பிளக்கில் வைத்தால், பேஸையும் நியூட்ரலையும் நீங்களே ஒரு கம்பியால் இணைத்த மாதிரி. விபத்துகளில் மோசமானது இதுதான். அடுத்தது, மீட்டரை டி.சி.யில் வைத்து, ஏ.சி.யான வீட்டு லைனை அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். “கரண்ட் இல்லை” என்று தொட்டுவிடுவோம். ஆகவே, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பாயிண்ட்டில் முதலில் அளந்து பாருங்கள். பிறகு சந்தேகமான இடம். மறுபடி அந்தப் பழைய பாயிண்ட். மீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும்.

மீட்டர் சொல்லாத சங்கதியும் உண்டு. பேஸ்-எர்த் 230 காட்டினால் எர்த் வயர் இருக்கிறது என்று தெரியும். ஷாக் அடிக்கும் நேரத்தில் அந்த எர்த் வேண்டிய அளவு கரண்ட்டை இழுக்குமா என்பது தெரியாது. மீட்டர் எடுப்பது அற்ப கரண்ட் என்பதால், துருப்பிடித்த எர்த்தும் அதற்கு நல்ல எர்த்தாகத் தெரியும். அதைப் பார்க்க எர்த் டெஸ்டர் வேண்டும். போர் மோட்டார் காயிலில் லீக் இருக்கிறதா என்று பார்க்க மெக்கர் வேண்டும். இரண்டும் எலெக்ட்ரீஷியனின் வேலை. வீட்டின் நிரந்தர வயரிங்கை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. மீட்டர் வாங்கிவிட்டோம் என்பதற்காக டி.பி. பாக்ஸைப் பிரித்து உட்கார வேண்டாம்.

“அவ்வளவு ரூபாய் இப்போது முடியாதே” என்கிறீர்களா? முடியாவிட்டால் இரண்டு மாசம் தள்ளிப் போடுங்கள், ஆனால் கேட் எண்ணில் இறங்கி வராதீர்கள். அதுவரை மஞ்சள் மீட்டரை பேட்டரியோடு வைத்துக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்ட்டில் சந்தேகம் வந்தால் மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்