250 ரூபாய் மிச்சம், 970 ரூபாய் நஷ்டம்

பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'அப்நார்மல் லாஸ்' என்று ஒன்று வரும். கவனமாக இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் என்று அர்த்தம். பரீட்சையில் அதைச் சரியாக எழுதிவிட்டேன். ரோட்டில்தான் கோட்டை விட்டேன்.

அப்பாவின் பழைய 125 சிசி வண்டியில்தான் காலேஜ் போய் வருகிறேன். போன மாதம் முன்பக்க ஃபோர்க்கில் ஆயில் கசிய ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு பட்டறைக்குப் போனேன். "சீல் போயிடுச்சு தம்பி, தொள்ளாயிரம் ஆகும்" என்றார் மெக்கானிக். நாமதான் காமர்ஸ் ஆச்சே! பேரம் பேசி 650க்குக் கொண்டு வந்தேன். ஒரே மணி நேரத்தில் வண்டி ரெடி. 250 ரூபாய் மிச்சம் பிடித்த கதையை வீட்டில் இரண்டு தரம் சொன்னேன் :-)

மறுநாளே தெரிந்துவிட்டது. வேகத்தடையில் ஏறினால் ஃபோர்க் அமுங்கவே இல்லை, கல் மாதிரி நின்றது. வண்டி நேராகப் போகும்போது ஹேண்டில் பார் மட்டும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பியிருந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். "புது சீல் அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். பத்து நாள் ஓட்டினேன். எதுவும் செட் ஆகவில்லை, கசிவுதான் திரும்பி வந்தது, முன்பைவிட அதிகமாக. கொஞ்சம் ஆயில்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து மார்க்கெட் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன ஷேர் ஆட்டோ சடாரென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் இறுகியது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை. பின் பிரேக்கை மிதித்து, காலையும் ஊன்றி ஒரு வழியாக நிறுத்தியபோது ஆட்டோவுக்கும் எனக்கும் அரை அடிதான் இடைவெளி. அம்மா "மெதுவாப் போயேன்பா" என்று மட்டும் சொன்னார். குனிந்து பார்த்தேன். ஃபோர்க்கிலிருந்து வழிந்த ஆயில் டிஸ்க் பிரேக் முழுக்க இறங்கியிருந்தது.

அப்புறம் நண்பன் சொன்ன இன்னொரு பட்டறை. அங்கிருந்த பெரியவர் என் முன்னாலேயே பிரித்தார். இரண்டு பக்க ஆயிலையும் தனித்தனியாக அளவுக் குவளையில் ஊற்றினார். இரண்டிலும் அளவுக்கு மேல். அதிலும் ஒரு பக்கத்தில் இன்னொன்றைவிட 40 மில்லி அதிகம்.

"அதிகமா ஊத்தினா நல்லதுதானே அண்ணே?" என்று அப்பாவியாகக் கேட்டேன். சிரித்தார். ஃபோர்க்குக்குள் ஆயிலுக்கு மேலே கொஞ்சம் காற்று இருக்க வேண்டுமாம். ஸ்பிரிங் அமுங்கும்போது அந்தக் காற்றும் சேர்ந்து அமுங்கும். ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், உள்ளே அழுத்தம் ஏறும். அதனால்தான் கல் மாதிரி இருந்தது. அந்த அழுத்தமே சீலையும் தள்ளிக் கசிய வைக்கும். போதாக்குறைக்கு, ஸ்க்ரூ டிரைவரால் தட்டி ஏற்றியதில் புது சீலின் உதடே கிழிந்திருந்தது. ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் நேராக்காமல் போல்ட்டை முறுக்கியதால் ஹேண்டில் திரும்பி நின்றிருக்கிறது.

அவர் ஃபோர்க் பைப்பில் இருந்த லேசான துருவை வாட்டர் பேப்பரால் தேய்த்தார். புது சீலை ஒரே சீராக இறக்கினார். ஆயிலை அளந்து ஊற்றினார். சக்கரத்தை மாட்டியபின் ஃபோர்க்கை நாலு தரம் அமுக்கி விட்டு, அது தானாக நேரான பிறகுதான் கடைசி முறுக்கு. டிஸ்க்கைச் சுத்தமாகக் கழுவினார். ஆயில் குடித்த பிரேக் பேடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட்டார். மொத்தம் மூன்று மணி நேரம்.

இப்போது கணக்கு. சீல், டஸ்ட் கவர் 360, ஆயில் 240, பிரேக் பேட் 320, கூலி 800. மொத்தம் 1720. முதல் பட்டறைக்குக் கொடுத்த 650ஐச் சேர்த்தால் 2370. முதலிலேயே இவரிடம் போயிருந்தால் பேட் வீணாகியிருக்காது, 1400ல் முடிந்திருக்கும். ஆக 970 ரூபாய் அப்நார்மல் லாஸ். அந்த அரை அடிக்கு எந்த லெட்ஜரில் கணக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் மெக்கானிக்கைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் செய்தது தப்புதான், சந்தேகமே இல்லை. பிரேக் சம்பந்தப்பட்ட இடத்தில் "செட் ஆயிடும்" என்று சொல்லி அனுப்புவது மன்னிக்கக்கூடிய விஷயம் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு ஆகும்?" என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவே இல்லை.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நல்ல சரக்கு எது, மட்டமான சரக்கு எது என்று வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் நல்லதுக்கு உரிய விலையைக் கொடுக்க மாட்டான். நல்ல சரக்கு வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான். பட்டறைக்கும் இதே கதைதான். எல்லோரும் 650க்கே அடித்துப் பேசினால், அளவுக் குவளை வைத்து மூன்று மணி நேரம் உழைப்பவர் கடையை மூட வேண்டியதுதான். அப்புறம் ஊர் முழுக்க "செட் ஆயிடும்" பட்டறைகள்தான் மிஞ்சும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கூட இல்லை. 1915க்கு போன் செய்யலாம். பில் கொடுக்காமல் இருப்பதையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆனால் நான் பில் கேட்டேனா? 250 ரூபாய் குறைத்த சந்தோஷத்தில் அது ஞாபகமே வரவில்லை!

மக்களே, அடுத்த தடவை பட்டறைக்குப் போனால் ரேட்டுக்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். என்ன மாற்றப் போறீங்க? கழற்றின பழைய பொருளைக் காட்டுவீங்களா? பில் தருவீங்களா? முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர் கொஞ்சம் அதிகமாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

பெரியவர் 800 கூலி சொன்னபோது பழக்க தோஷத்தில் "கொஞ்சம் பார்த்து..." என்று வாய் வரை வந்தது. அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். பில்லும் வாங்கிக்கொண்டேன்.