அருவிக்கரை அறைக்கு எந்த ஊர் நாற்காலி?

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள். பரிசலில் ஏறுகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். சுடச்சுட மீன் வறுவல் சாப்பிடுகிறார்கள். இரவு தங்குகிறவர்கள் விடுதி அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

அந்த அறையில் கிடக்கும் கட்டிலையும் நாற்காலியையும் யாரும் கவனிப்பதில்லை. நாற்காலியில் கவனிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. அந்த நாற்காலி எந்த ஊரில் செய்யப்பட்டது? அதற்குக் கொடுத்த பணம் யார் கைக்குப் போயிற்று? தர்மபுரி மாவட்டத்தின் மலையோர ஜனங்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. காவிரியின் இரு கரைகளிலும் உள்ள காட்டுக்கோ இது உயிர்ப் பிரச்சினை.

மூன்று விதமான வாங்குவோர்

உல்லாசப் பயணிகளுக்கு அறை கட்டுகிறவர்கள் மூன்று வகை. ஒன்று, சர்க்கார். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஒகேனக்கல்லில் விடுதி நடத்துகிறது. இரண்டாவது, தனியார் விடுதிக்காரர்கள். வீட்டிலேயே இரண்டு அறைகளை ஒழித்து விருந்தினருக்கு வாடகைக்கு விடும் ‘ஹோம் ஸ்டே’ குடும்பங்களையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு முத்ரா கடன் கிடைக்கும் என்று 2025 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

மூன்றாவது வகையினர், கடல் கடந்து வாழும் நம்மவர்கள். சிங்கப்பூரிலோ லண்டனிலோ சம்பாதித்து, வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து தங்குவதற்காக ஊரில் ஒரு வீடு கட்டிப் போடுகிறார்கள். அவர்களுக்கு இது சொந்த ஊர். பிள்ளைகளுக்கோ இது வெளிநாட்டில் உள்ள விடுமுறை வீடு!

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம். ஆனால் விவசாய நிலமும், தோட்டமும், பண்ணை வீடும் விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டத்தில் பொதுவாக இடமில்லை. ஆற்றோரம் தென்னந்தோப்புக்கு நடுவில் பண்ணை வீடு என்று யாராவது ஆசை காட்டினால், முன்பணம் கொடுப்பதற்கு முன் வக்கீலைப் பார்ப்பது நல்லது.

வீடு கட்டியாயிற்று. அடுத்தது மேஜை நாற்காலி. இங்கேதான் மூன்று வகையினரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். பெங்களூருக்கோ சேலத்துக்கோ போய், அல்லது கைபேசியிலேயே படம் பார்த்து, ஆலையில் செய்த சாமானை வாங்கி லாரியில் ஏற்றி வந்துவிடுகிறார்கள். பார்க்கப் பளபளப்பு. விலையும் தெரிந்த விலை. நாற்பது நாற்காலி கேட்டால் நாற்பதும் ஒரே அச்சில் வார்த்தது போல வரும்.

ஈரமும் எண்ணெயும்

ஆனால் ஒகேனக்கல் அறைக்கு அது ஏற்றதுதானா?

விருந்தாளி எப்படி வருகிறார் என்று பாருங்கள். தலை முதல் கால் வரை எண்ணெய். ஈர வேட்டி, ஈரத் துண்டு. அப்படியே வந்து பஞ்சு மெத்தை வைத்த சோபாவில் ‘அப்பாடா’ என்று சாய்கிறார். இரண்டு கோடை போவதற்குள் அந்தச் சோபா என்ன ஆகும்?

மலிவு அலமாரிகள் பல, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. மேலே மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். ஓரத்தில் ஈரம் புகுந்தால் பலகை ஊதிப் பொருமிவிடும். ஊதிய பலகையைத் தச்சர் இழைக்க முடியாது. தூக்கி எறிய வேண்டியதுதான்.

பிரம்பு போன்ற கொடிகளாலும் குச்சிகளாலும் பின்னிய நாற்காலி அப்படியல்ல. காற்று உள்ளே போய் வருவதால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு கால் ஆடினால் செய்தவரே சரி செய்து கொடுப்பார், அவர் பக்கத்தில் இருந்தால். இந்தக் கடைசி மூன்று சொற்கள் முக்கியமானவை.

வேண்டாத விருந்தாளி

அப்படிப்பட்ட நாற்காலிக்கு மூலப்பொருள் எங்கே கிடைக்கும்? காட்டிலேயே கிடைக்கிறது. வேண்டிய அளவு மட்டுமல்ல, வேண்டாத அளவுக்குக் கிடைக்கிறது. அதுதான் உண்ணிச்செடி.

மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் இந்தப் புதர்ச் செடியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்ப நாடுகள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்துக்கு அழகு என்று வெள்ளைக்காரர்கள் இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் தூவின. அழகுக்கு வந்த செடி நாட்டையே வளைத்துக்கொண்டது.

புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில் உண்ணிச்செடி புகுந்திருக்கிறது என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. இதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் யானைக்கும் தீனி ஏது? தீனி தேடி யானை எங்கே வரும் என்பதைப் பென்னாகரம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் தெரியும்.

இப்படி அன்னியச் செடிகளை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு சர்க்கார் 2022-இல் ஒரு கொள்கை வகுத்தது. வெட்டுவதற்குப் பணம் செலவாகிறது. வெட்டிய செடியை என்ன செய்வது?

ஆற்றுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம்

இந்தக் கேள்விக்கு ஒகேனக்கல்லின் எதிர்க்கரையில், கர்நாடக எல்லைக்குள், ஒரு பதில் கிடைத்தது. அங்கே மாதேஸ்வரன் மலையில் வாழும் சோளகர்கள் முன்பு மூங்கில் கூடையும் முறமும் முடைந்து பிழைத்தவர்கள். மூங்கில் கிடைப்பது அரிதாயிற்று. பெங்களூரில் உள்ள ‘அட்ரீ’ என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம் அவர்களோடு சேர்ந்து, மூங்கிலுக்குப் பதில் உண்ணிச்செடியில் சாமான் செய்யும் தொழிலைப் பழக்கியது.

முறை ஒன்றும் மந்திரமல்ல. நீளமான தண்டுகளை வெட்டி வந்து தண்ணீரில் நன்றாக வேகவைக்கிறார்கள். வெந்த தண்டின் பட்டையை உரிக்கிறார்கள். சூடும் ஈரமும் இருக்கும்போதே வேண்டியபடி வளைத்து, ஆணி அடித்து, பின்னி, மெருகெண்ணெய் பூசுகிறார்கள். நாற்காலியும் சோபாவும் மேஜையும் தயார். தள்ளி நின்று பார்த்தால் பிரம்பு என்றே தோன்றும்.

இதே செடியைக் கொண்டு கூடலூர்ப் பக்கத்து மலைவாழ் மக்கள் ஆள் உயரத்துக்கும் மேலே யானைப் பொம்மைகள் செய்தார்கள். அந்த யானைக் கூட்டம் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றது. 2024-இல் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. உண்ணிச்செடி வந்த திசைக்கே திரும்பிப் போனது போல!

லண்டன் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்த வேலைப்பாடு, ஒகேனக்கல் விடுதிக்கு ஒரு நாற்காலியாக வரவில்லையென்றால் யாரைக் குறை சொல்வது?

பரிசல் கட்டும் கை

ஒகேனக்கல்லிலேயே ஒரு கைத்தொழில் உண்டு. பரிசல் கட்டுவதுதான் அது. மூங்கிலைப் பிளந்து பட்டை எடுத்து, வட்டமாக வளைத்துப் பின்ன வேண்டும். அந்தக் காலத்தில் அடியில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். எட்டுப் பேரை ஏற்றிச் சுழலைச் சமாளிக்கும் கூடை அது. அதைப் பின்னத் தெரிந்த கைக்கு ஒரு மோடா பின்னுவது பெரிய காரியமா?

பரிசல் ஓட்டுகிறவர்களுக்கு வருஷம் முழுவதும் வேலை கிடையாது. கர்நாடக அணைகள் நிரம்பி, காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். 2024-ஆம் வருஷம் ஜூலை, ஆகஸ்டில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியபோது அப்படித்தான் நடந்தது. பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்கும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அந்த நாட்களில் பின்னல் வேலை இருந்தால் கடன்காரனிடம் போக வேண்டாம்.

புல் ஒரு காலத்தில் மரம்

மூங்கிலுக்கு ஒரு வேடிக்கையான சட்டச் சரித்திரம் உண்டு. மூங்கில் புல் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் 1927-ஆம் ஆண்டின் இந்தியக் காடுகள் சட்டம் அதை ‘மரம்’ என்று எழுதி வைத்தது. ஆகவே சொந்த நிலத்தில் வளர்த்ததை வெட்டிக்கொண்டு போனாலும் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். 90 வருஷம் கழித்து 2017-இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். இப்போது பட்டா நிலத்து மூங்கிலுக்கு அந்தச் சட்டத்தின் கெடுபிடி இல்லை.

காட்டுக்குள் வளரும் மூங்கில் வேறு விஷயம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, அதைச் சேகரித்து விற்கும் உரிமை காட்டில் வாழும் ஜனங்களுக்கு உண்டு. ஆனால் உரிமை அங்கீகரிக்கப்பட்டுக் கையில் வந்திருக்க வேண்டும். மேலும், இந்த வட்டாரத்துக் காடுகள் 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று வன விலங்கு சரணாலயங்களாகிவிட்டன. அரிவாளோடு நுழைந்து உண்ணிச்செடியைக்கூட இஷ்டம்போல் வெட்ட முடியாது. வன இலாகாதான் இடத்தைக் காட்டி, ஆள் சேர்த்து, வெட்டிய தண்டைக் கொடுக்க வேண்டும். இலாகாவுக்குக் காடு சுத்தமாகும். கைவினைஞருக்குச் சரக்கு கிடைக்கும். கஷ்டமான ஏற்பாடு அல்ல, மனது வைத்தால்.

வரியிலும் ஒரு விந்தை. 2025 செப்டம்பர் 22 முதல், முழுக்க மூங்கில், பிரம்பால் செய்த மேஜை நாற்காலிக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மற்ற மரச் சாமானுக்கு 18 சதவீதம். நல்ல காரியம். ஆனால் அந்தச் சலுகை வரியில் உண்ணிச்செடியின் பெயர் இல்லை. காட்டைக் காப்பாற்றும் நாற்காலிக்கு அல்லவா முதல் சலுகை தந்திருக்க வேண்டும்?

விடுதிக்காரரின் நியாயம்

விடுதிக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆடிப் பெருக்குக்கு முன் இருபது அறைக்கு நாற்பது நாற்காலி வேண்டும். கைவேலை செய்கிறவர் ‘பார்க்கலாம்’ என்கிறார். நாற்பதும் ஒரே உயரமாக இருக்குமா என்பது சந்தேகம். ரசீது கேட்டால் தயக்கம். சர்க்கார் விடுதியாக இருந்தால் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் சட்டம் குறுக்கே நிற்கிறது. குறைந்த விலை கொடுத்தவருக்கே ஆர்டர் போகும். ‘பக்கத்து மலையில் செய்தது’ என்பதற்கு டெண்டர் தாளில் மதிப்பெண் கிடையாது.

இவற்றுக்கு மருந்து இல்லாமல் போகவில்லை. ஒரே தடவையில் நாற்பது வேண்டாம். அறைக்கு இரண்டு வீதம், வருஷத்துக்கு ஐந்து அறை என்று போகலாம். ஒரு மாதிரி நாற்காலியைச் செய்து அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். பாதிப் பணம் முன்னதாகக் கொடுத்தால் வேலை நடக்கும். தனி ஆளாக ரசீது போட முடியாதவர், சுய உதவிக் குழுவாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ சேர்ந்தால் போடலாம்.

இந்தியாவில் கடை திறக்கும் ‘இகியா’ என்ற ஸ்வீடன் நாட்டுக் கம்பெனியைப் பாருங்கள். ஒரே பெயரில் சில்லறை வியாபாரம் செய்யும் கடையில் அன்னிய மூலதனம் 51 சதவீதத்துக்கு மேல் போனால், சரக்கில் 30 சதவீத மதிப்புக்கு இந்தியாவிலேயே கொள்முதல் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. இந்தோனேசியா ஒருபடி மேலே போயிற்று. பச்சைப் பிரம்பை வெளியே அனுப்பாதே, நாற்காலியாகச் செய்து அனுப்பு என்று 2012-இல் ஏற்றுமதிக்கே தடை போட்டது. ஸ்வீடன் கடைக்குப் போட்ட நிபந்தனையில் பாதியைச் சர்க்கார் தன் சொந்த விடுதிக்குப் போட்டுக்கொள்ளக் கூடாதா?

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உள்ளூர்ச் சாமான் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. மூங்கில் முற்றினதா என்று கேட்க வேண்டும். மூன்று நான்கு வருஷம் நின்ற மூங்கிலே உறுதி. இளசில் மாவுச்சத்து மிகுதி, வண்டு துளைக்கும். நாற்காலிக்கு அடியில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் அது வண்டின் வேலை. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்த மூங்கிலுக்கு இந்தப் பயம் குறைவு. உண்ணிச்செடி நாற்காலியின் கால் எப்போதும் ஈரத் தரையில் நிற்கக் கூடாது. உட்கார்ந்து, இரு பக்கமும் ஆட்டிப் பார்த்து, கிறீச்சிடாவிட்டால் பணம் கொடுக்கலாம்.

தரைக்கு விரிக்க ஜமுக்காளம் வேண்டுமானால், அதே காவிரி ஓடிச் சேரும் பவானியில் நெய்கிறார்கள். மேஜைக்குக் கல் பலகை வேண்டுமானால், தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கருங்கல் இருக்கவே இருக்கிறது. வெளிநாட்டுச் சமையலறைகளுக்குக் கப்பலேறும் கல், உள்ளூர் அறைக்கு வரக் கசக்குமா?

மாதேஸ்வரன் மலை, ஆற்றைத் தாண்டினால் பக்கம்தான். சாலை வழியே போவதானால் மேட்டூர், பாலாறு என்று சுற்ற வேண்டும். பரிசல் கட்டும் இளைஞர்கள் பத்துப் பேரை, வெள்ளத் தடை நாட்களில் அங்கே அனுப்பித் தொழில் பழக்க ஆகும் செலவு, விடுதி ஒன்றில் வருஷந்தோறும் உடைந்து வெளியே போகும் சாமானின் விலையை எட்டாது.