பிறந்த சங்கமும் சேர்ந்த சங்கமும்

ஆடிச் சனிக்கிழமையன்று குச்சனூரில் பஸ் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் நாம் சொல்வது விளங்கும். சுயம்பு சனீசுவரர் சந்நிதியை நாடி வருகிற கூட்டத்தில், அன்றைக்கு ஊர்க்காரனுக்கு ஊரிலேயே நிற்க இடம் கிடைக்காது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையில், கூட்டத்துக்குப் பயந்து வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியிருந்த நம்மைத் தேடி நண்பர் ஒருவர் வந்தார். கொஞ்சம் நஞ்சையும் ஒரு தென்னந்தோப்பும் உடையவர். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் நம்மிடம் படித்தவள். இப்போது தினந்தோறும் பஸ்ஸில் போய் வந்து கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

"சார், பாப்பா காலேஜிலே ஏதோ சங்கம் ஆரம்பிக்கப் போகுதாம். நீங்க சொன்னாத்தான் கேட்கும். வேண்டாம்னு சொல்லி வைங்க" என்றார்.

"என்ன சங்கம் அண்ணே?" என்று கேட்டோம்.

"எந்தச் சங்கமாயிருந்தா என்ன சார்? சங்கம்னாலே வம்புதானே!"

இதைக் கேட்டுச் சிரித்து ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. மதுரைச் சீமையிலே, சங்கம் என்ற சொல்லைக் கேட்டால் புலவர்களும் பொற்றாமரையும் நினைவுக்கு வரவேண்டியது நியாயம். ஆனால் நண்பர் தம் வாழ்நாளில் கண்ட சங்கங்கள் வேறு. ரஸ்தா முனையில் ஒரு பலகை, பலகைக்கு ஒரு வர்ணம், வர்ணத்துக்கு ஒரு ஜாதி. இவ்வளவுதான் அவர் அறிந்த சங்கம். அந்தச் சங்கத்தில் சேரலாமா வேண்டாமா என்று யாரும் யோசிப்பதில்லை. பிறந்தாலே போதும், அங்கத்தினர்தான்! இதே மாதிரி ஒன்றைத் தம் மகள் கல்லூரிக்குள்ளேயும் கொண்டுபோகிறாளோ என்று அவர் பயந்ததில் தவறு என்ன?

பயத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள் என்ற செய்தியைப் படித்த அன்று, ஆசிரியத் தொழில் செய்கிற நமக்கு இரவு தூக்கம் வரவில்லை. அதன் பின்பு, மாணவர்களிடையே ஜாதிப் பகைமை ஒழிவதற்கு வழி சொல்லும்படி ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்ட ஒரு நபர் குழுவை அரசாங்கம் நியமித்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் கொடுத்த அறிக்கையின் சிபார்சுகளில், மாணவர்கள் கையில் வர்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. ஒரு முழக் கயிற்றைப் பற்றி ஒரு நீதிபதி எழுத வேண்டியதாயிற்று! அந்தக் கயிறு வேறொன்றுமில்லை. பிறந்த சங்கத்தின் சந்தா ரசீது அது.

கயிற்றை அறுப்பது அவசியந்தான். ஆனால் அறுத்தபின் வெறுங்கையாக நிற்கிற பிள்ளை எதைப் பற்றிக்கொள்ளும்? பதினெட்டு வயதில் எந்தப் பிள்ளைக்கும் "நான் இன்னாரைச் சேர்ந்தவன்" என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருக்கிறது. நல்ல இடத்தை நாம் அமைத்துக் கொடுக்காவிட்டால், கெட்ட இடம் தானாகவே அமைந்துவிடும். பிறந்த சங்கத்துக்கு மாற்று, சங்கமே இல்லாமல் இருப்பதன்று. தானே விரும்பிச் சேர்ந்த சங்கம்தான் அதற்கு மாற்று. இதுவே நம்முடைய அபிப்பிராயம்.

*

மறுநாள் அந்தப் பெண்ணை வரச் சொல்லி விஷயத்தை விசாரித்தோம். அவளுடைய வகுப்பில் ஒரு பெண், பக்கத்துக் கிராமம், தாயார் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. அந்தப் பெண்ணுக்கு வரவேண்டிய உதவித்தொகை வரவில்லை. காரணம், அவள் பெயரின் முதலெழுத்து வங்கிக் கணக்கில் முன்னாலும் ஆதார் அட்டையில் பின்னாலும் இருந்ததுதான். அதைத் திருத்திக்கொள்ளச் சொல்லி விளம்பரப் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பு, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் கண்ணில் படவில்லை. கெடு தாண்டிவிட்டது. தாயாரின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. "அடுத்த வருஷம் வருவேனோ என்னவோ" என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

"அந்த நோட்டீஸை நான் படிச்சேன் சார். எனக்கு வேண்டியதை எழுதிக்கிட்டு வந்துட்டேன். அவகிட்டச் சொல்லணும்னு தோணவே இல்லை" என்று சொல்லி நம் மாணவி தலை குனிந்தாள்.

உதவித்தொகை இல்லாத குறை அன்று இது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆந் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசாங்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துத் தேறிய பெண்கள் மேலே படிப்பதற்கு மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்தது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று ஒரு திட்டம் வந்தது. இவை தவிர, முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சான்றிதழ் ஒன்று உண்டு. மடை திறந்துதான் இருக்கிறது. ஆனால் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? பெரியாற்றுத் தண்ணீரில் பயிர் செய்கிற நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாய்க்காலைத் தூர் வாருவதற்கே இவள் மன்றம் ஆரம்பிக்க நினைத்தாள். எந்த விண்ணப்பத்துக்கு எது கடைசித் தேதி, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டு, வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்வது. எழுதத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது. இவ்வளவுதான் இவளுடைய 'வம்பு'!

*

மாணவர் சங்கம் என்றால் கூடிப் பேசிக் கலைவது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்லுகிறோம். 1848-ஆம் ஆண்டில் பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் மாணவர் இலக்கிய விஞ்ஞானச் சங்கம் என்று ஒன்று பிறந்தது. மாணவர்களும், படித்து முடித்து அங்கேயே ஆசிரியரான வாலிபர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். கூட்டங்களில் உபந்நியாசம் படிப்பார்கள், விவாதம் நடத்துவார்கள். ஆங்கிலத்தோடு நில்லாமல், மராத்தியிலும் குஜராத்தியிலும் பேசுவதற்குத் தனிக் கிளைகளும் வைத்தார்கள். ஒருநாள் பெண் கல்வியைப் பற்றிப் பேச்சு வந்தது. பேசியதைச் செய்தால் என்ன என்று தோன்றவே, 1849-இல் அவர்களே பெண்களுக்குப் பள்ளிக்கூடங்கள் திறந்து, சம்பளமில்லாமல் தாங்களே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்களை அனுப்பும்படி வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, படிக்கட்டிலிருந்து உருட்டிவிடுவதாக மிரட்டிய தகப்பன்மாரும் உண்டு.

அந்த வாலிபர்களில் ஒருவர் தாதாபாய் நௌரோஜி. பிற்காலத்தில் மூன்று முறை காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்தவர். 1892-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தேசத்தின் வறுமையைக் கணக்குப் போட்டுக் காட்டிய அந்தப் பெரியவர், பொதுக் காரியத்தின் அரிச்சுவடியை ஒரு மாணவர் சங்கத்தில்தான் கற்றுக்கொண்டார். நால்வர் கூடினால் கருத்து வேற்றுமை வரும். வந்தாலும் சண்டையில்லாமல் ஒரு முடிவுக்கு வரவேண்டும். முடிவு செய்ததை மறுநாள் காலையில் செய்தாக வேண்டும். எந்தப் பரீட்சைப் புத்தகமும் கற்றுக் கொடுக்காத பாடம் இது. வோட்டுப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வாலிபரும் படிக்க வேண்டிய பாடமும் இதுவே.

சுதந்திர பாரதத்திலும் இதற்கு ஏற்பாடுகள் ஆகியிருக்கின்றன. தேசிய மாணவர் படை 1948-இல் சட்டம் இயற்றி நிறுவப்பட்டது. காந்தி மகாத்மாவின் நூற்றாண்டான 1969-இல், 37 சர்வகலாசாலைகளில் சுமார் 40,000 மாணவர்களைக் கொண்டு நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பமாயிற்று. அதில் சேருகிற மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பொதுப்பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாமிலும் தங்க வேண்டும். ஏழு நாள் ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே கூடத்தில் படுத்து எழுந்த பிள்ளைகளிடம் வர்ணக் கயிற்றின் மகிமையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். இவற்றோடு இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், தமிழ் மன்றம், நுகர்வோர் மன்றம் என்று பல உண்டு.

*

ஆனால் நண்பரின் இரண்டாவது ஆட்சேபணை இன்னும் பாக்கியிருக்கிறது. "கூட்டமெல்லாம் சாயந்திரம் வைப்பாங்க சார். பஸ்ஸை விட்டுட்டா பொம்பளைப் பிள்ளை எப்படி வீடு வந்து சேரும்?" என்றார் அவர். நியாயமான கேள்வி. மாலை ஐந்து மணிக்குக் கூடுகிற மன்றம், விடுதியில் இருக்கிறவர்களுக்கும் டவுன் பிள்ளைகளுக்கும் சொந்தம். யாருக்கு மன்றம் அதிகமாகத் தேவையோ, அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் அப்போது பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று ஒரு வகை உண்டு. இரண்டு ஆண்டுப் படிப்பு; மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள்; வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களும் அநேகர். 1901-இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கியதே அவற்றுள் மூத்தது. இத்தகைய கல்லூரிகள் பலவற்றில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வாரத்தில் ஓரிரு நாள், நடுப்பகலில் ஒரு மணி நேரம் எந்த வகுப்பும் வைப்பதில்லை. அந்த வேளை மன்றங்களுக்கு. பஸ்ஸும் தப்பாது, மன்றமும் தப்பாது. நம் பள்ளத்தாக்கிலுள்ள கல்லூரிகளும் மத்தியான இடைவேளையை ஒட்டி வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்மையுண்டாகும்.

*

மன்றம் ஆரம்பிக்கிறவர்களுக்கு, அந்தப் பெண்ணிடம் சொன்னவற்றையே இங்கும் எழுதுகிறோம்.

முதலாவது, மன்றத்துக்கு ஒரு வேலை போதும். உலகத்தைத் திருத்தப் புறப்பட்ட மன்றம் உதயதினத்தோடு அஸ்தமித்துவிடும். இரண்டாவது, பொறுப்பாசிரியர் ஒருவரை முதலிலேயே நாடிப் பிடித்து, கல்லூரி முதல்வரின் அனுமதியை எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஆரம்பிப்பதற்கு ஏழு பேர் தாராளமாகப் போதும். ஆனால் அந்த ஏழு பேரும் ஒரே தெருவிலிருந்து, ஒரே பஸ்ஸிலிருந்து வந்தவர்களாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் அது பழைய சங்கத்துக்குப் புதுப் பலகை. நான்காவது, கூடுகிற நாளும் வேளையும் மாறக் கூடாது. இரண்டே பேர் வந்தாலும் கூட்டம் நடக்க வேண்டும். ஐந்தாவது, நடவடிக்கைக் குறிப்பும் வரவு செலவும் எழுதி, கேட்டவர் கண்ணில் காட்ட வேண்டும். ஆறாவது, தலைவர், காரியதரிசி பதவிகள் ஓராண்டுக்கு மட்டுமே. ஆரம்பித்தவர் போனபின்னும் மன்றம் நடந்தால்தான் அது மன்றம். இல்லாவிட்டால் அது ஓர் ஆளின் ஆர்வம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து மன்றங்களில் பெயர் கொடுத்து ஐந்திலும் தலையைக் காட்டாமல் இருப்பதைவிட, ஒன்றில் சேர்ந்து நாற்காலி எடுத்துப் போடுவது மேல். பேச்சு வரவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம்; நாற்காலி போட்டவனைத்தான் மறு வருஷம் எல்லாரும் தேடுவார்கள்.

பெற்றோர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மன்றம் என்றதும் "வேண்டாம்" என்று சொல்லாமல், மூன்று கேள்வி கேளுங்கள். பொறுப்பாசிரியர் யார்? எங்கே, எத்தனை மணிக்குக் கூடுகிறீர்கள்? கணக்கை யார் பார்க்கிறார்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், ஆசீர்வாதம் செய்து அனுப்புங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால், தடுப்பது உங்கள் கடமை.

இந்த மூன்று கேள்விகளையும் நண்பரிடமும் சொல்லி அனுப்பினோம். அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மனம் மாறவில்லை போலும் என்று நினைத்திருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் ஒரு சனிக்கிழமை. கடைத்தெருவில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நம்மிடம் வந்தார்.

"சார், பாப்பா மன்றத்துக்குக் கணக்கு எழுத ஒரு நோட்டு வேணுமாம். நாற்பது பக்கம் போதுமா?" என்று கேட்டார்.

"நாற்பது பக்கம் ஒரு வருஷத்துக்குக்கூடக் காணாது அண்ணே. இருநூறு பக்கமாக வாங்கிக் கொடுங்கள். அடுத்தடுத்து வருகிற பிள்ளைகளும் எழுத வேண்டுமே!" என்றோம்.