வாடகை வீட்டு மாநிலங்கள்

கூட்டாட்சின்னு பேச்சு எடுத்தாலே நம்மாளுங்க சொல்ற பதில் ஒண்ணு உண்டு. "அதான் மத்திய பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்னு தெளிவா பிரிச்சுக் கொடுத்திருக்காங்களே, அப்புறம் என்ன புலம்பல்?"

சாமிகளா, பட்டியலை விடுங்க. அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவைப் படிங்க. எந்த மாநிலத்தையும் பார்லிமெண்ட் சாதாரண மெஜாரிட்டியில் பிரிக்கலாம், சேர்க்கலாம், எல்லையை மாத்தலாம். சட்டசபையிடம் கருத்து கேட்டா போதும். அது வேண்டாம்னு சொன்னாலும் கட்டுப்படத் தேவையில்லை. கட்டிலை எங்கே போடணும்ங்கிறது உன் உரிமை, ஆனா சுவரை எப்ப வேணா இடிப்பேன்னு சொல்ற வீட்டு ஓனர் மாதிரி!

எங்க ஊர் நாயுடுபேட்டை, ஸ்வர்ணமுகி ஆத்தங்கரை. வீட்டுல தமிழ், தெருவுல தெலுங்கு. 1953 செப்டம்பர் வரை மெட்ராஸ் மாநிலம். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15-ல் உயிரை விட்ட பிறகுதான் டெல்லி இறங்கி வந்து, 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிறந்தது. 1956-ல் தெலங்கானாவும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம். ஊர் ஒரு அடி நகரலை, விலாசம் மட்டும் மாறிக்கிட்டே இருந்தது.

2014-ல் நடந்ததுதான் கொடுமை. ஜனவரி 30-ந் தேதி ஆந்திர சட்டசபை பிரிவினை மசோதாவை நிராகரிச்சது. பிப்ரவரி 18-ந் தேதி, டிவி நேரடி ஒளிபரப்பு நின்னுபோன நேரத்தில், மக்களவை அதே மசோதாவை நிறைவேத்தியது. பிப்ரவரி 20-ல் மாநிலங்களவையில் பிரதமர் மன்மோகன் சிங் மிச்ச ஆந்திராவுக்கு அஞ்சு வருஷம் சிறப்பு அந்தஸ்துன்னு வாக்கு கொடுத்தார். சட்டத்துல எழுதலை. 2016 செப்டம்பரில் அடுத்த அரசு, அந்தஸ்து கிடையாது, சிறப்பு உதவித் தொகுப்புதான்னு முடிச்சிருச்சு. ஒரு கட்சி வாய்வார்த்தையா சொன்னது, இன்னொண்ணு கைகழுவியது. ஹைதராபாத்தை இழந்தவங்க யாரைக் கேட்கிறது?

"அப்போ தெலங்கானா வந்திருக்கவே கூடாதா?" நியாயமான கேள்வி. 1969-லேயே உயிரைக் கொடுத்துப் போராடினவங்க அவங்க. பெரும்பான்மைப் பகுதி காலாகாலத்துக்கும் தடுக்கிறதும் அநியாயம்தான். அதுக்கு வழி இருக்கு. சட்டசபை மறுத்தா, பிரியக் கேட்கிற பகுதியில் வாக்கெடுப்பு நடத்துங்க. பார்லிமெண்டில் மூணில் ரெண்டு பங்கு ஆதரவு கேளுங்க. மிச்சப் பகுதிக்குத் தர்ற வாக்கை மசோதாவுக்குள்ளேயே எழுதுங்க.

பேசித் தீர்க்க முடியாதுன்னு இல்லை. படாஸ்கர் யோசனையை ரெண்டு மாநிலமும் ஏத்துக்கிட்டுத்தான் 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம்ம பக்கம் வந்தது, பதிலுக்குச் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போனது. நான் பிழைக்க வந்த அமெரிக்காவில், ஒரு மாநிலத்தை உடைக்க அதன் சட்டசபை சம்மதிக்கணும்னு அரசியல் சட்டமே சொல்லுது.

"தெலுங்குக்காரன் பிரச்னை, நமக்கென்ன"ன்னு இருக்கிறவங்களுக்கு ரெண்டே விஷயம். 2019 ஆகஸ்டில் காஷ்மீரைப் பிரிச்சப்ப அங்கே சட்டசபையே இல்லை. மாநிலம் சொல்ல வேண்டிய கருத்தையும் பார்லிமெண்டே சொல்லிக்கிச்சு. 2021 ஜூலையில் ஒரு மத்திய அமைச்சரோட விவரக்குறிப்பில் 'கொங்கு நாடு'ன்னு ஒரு வார்த்தை வந்ததுக்கே தமிழ்நாடு பதறிச்சு. ஏன் பதறினோம்? டெல்லி நினைச்சா முடியும்னு நமக்கே தெரியும்.

ஜிஎஸ்டி பங்கும் கல்வி அதிகாரமும் கேட்கத்தான் வேணும். ஆனா 3-வது பிரிவு இப்படியே இருக்கிற வரை, வாங்கின அதிகாரத்தை வச்சுக்க மாநிலம் இருக்குமான்னே உத்தரவாதம் கிடையாது.