உம்மாவின் காப்பும் ராத்தாவின் மடிக்கணினியும்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு ராத்தா கிராஃபிக் டிசைன் படிக்கப் போவதாகச் சொன்னார். அன்று தொடங்கியது எங்கள் வீட்டில் கணினி வழக்கு. உம்மா ஒன்றும் பேசாமல் கையிலிருந்த காப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத வச்சி புதுசா ஒன்டு வாங்குவம் மகள். ஆக்கள் பாவிச்சிக் கழிச்சத என்னத்துக்கு?" என்றார். அடகு வைத்தால் வட்டி, விற்றால் திரும்ப வாங்க முடியாது. வாப்பா இரண்டுக்கும் நடுவில் மௌனமாக இருந்தார். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறேன் என்பதற்காக என்னை நீதிபதியாக்கிவிட்டார்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவமைப்புத் தொழிலில் கால் வைக்கும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு, நன்றாகப் பார்த்து எடுத்த பாவித்த கணினியே போதும். காப்பைக் கழற்றத் தேவையில்லை.

'புதியது' என்ற சொல்லில்தான் பெற்றோர் பலர் ஏமாறுகிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைக்கும் புதுக் கணினி எது? பெரும்பாலும் கடையில் உள்ளவற்றில் ஆகக் குறைந்தது. செலரோன் செயலி, 4 ஜிபி ரேம். அந்த ரேமும் பல கணினிகளில் பலகையோடு ஒட்டியே வருகிறது. பிறகு கூட்ட நினைத்தாலும் முடியாது. போட்டோஷொப்புக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும், 16 இருந்தால் நல்லது என்று அடோபி நிறுவனமே சொல்கிறது. அப்படியானால் அந்தப் புதுப்பெட்டி வடிவமைப்புக்கு முதல் நாளே பழையதுதான். வெளிநாட்டு அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் பாவித்துவிட்டுக் கழிக்கும் திங்பேட், லெட்டிடியூட், எலைட்புக் போன்றவை வேறு ரகம். அவற்றில் பலவற்றைக் கழற்றலாம், ரேம் கூட்டலாம், பழைய ஹாட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம்.

உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் 62 மில்லியன் தொன் மின்கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அறிக்கை சொல்கிறது, ஆகவே பாவித்ததை வாங்குவது பூமிக்கும் நல்லது என்று உம்மாவுக்கு விளக்கினேன். "பூமிய நீ பார்த்துக்கொள், நான் என்ட பிள்ளயப் பார்க்கிறன்" என்றார். அந்த வாதத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

ஆனால் பாவித்த கணினியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. இதைத்தான் தோழிகள் கவனமாக வாசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் செயலியாக இருந்தால், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிலர் அந்தச் சோதனையைத் தாண்டி அவற்றிலும் விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுப்பார்கள். பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்குத்தான் உறுதி இல்லை. தலைமுறையைக் கண்டுபிடிப்பது லேசு. ஐ5 8250 என்றால் எட்டு, ஐ5 7200 என்றால் ஏழு, ஐ5 10210 என்றால் பத்து. "ஐ5தான் தங்கச்சி, நல்ல சாமான்" என்று கடைக்காரர் சொன்னால், அந்த ஐ5க்குப் பின்னால் என்ன இலக்கம் என்று கேளுங்கள்.

இரண்டாவது திரை. அலுவலகக் கணினிகள் கடிதம் அடிக்கச் செய்யப்பட்டவை. அவற்றில் பலவற்றின் நிறங்கள் வெளிறியே தெரியும். கடையிலேயே ஒரு வண்ணப்படத்தைத் திறந்து, திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது நிறம் மாறினால் அது வடிவமைப்புக்கு உதவாது. ஐபிஎஸ் திரையா, 1920க்கு 1080 அளவா என்று கேட்டு எடுக்க வேண்டும். மலிவான புதுக் கணினியிலும் இந்தக் குறை இருக்கும் என்பதை உம்மாமார் கவனிக்கவும்.

மேசைக் கணினி வாங்கினால் இதே காசுக்கு இன்னும் பலமானது கிடைக்கும், உண்மைதான். ஆனால் 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யார் மறப்பார்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்று, அடுத்த சில நாட்களுக்கும் மின்வெட்டு தொடர்ந்தது. 900 மெகாவொட் நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி தேடுகிறவர்கள் நாங்கள். ஆகவே மடிக்கணினியே எங்களுக்குத் தோது. பாவித்ததில் பேட்டரி களைத்திருக்கும். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது தாங்கும் அளவும் அதில் வரும். பாதிக்குக் கீழே என்றால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

உத்தரவாதம் பற்றித்தான் வாப்பா அதிகம் கவலைப்பட்டார். அவர் கவலை நியாயமானது. புதியதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ கிடைக்கும். பாவித்ததற்குச் சில மாதங்கள் கிடைத்தாலே பெரிது. என்றாலும் கொழும்பில் வாங்கிய புதியது பழுதானால், கற்பிட்டியிலிருந்து பஸ் ஏறி ஒரு முழு நாள் போய்விடும். புத்தளம் நகரில் முகம் தெரிந்த கடையில், தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டோடு வாங்கும் மூன்று மாத உத்தரவாதத்தை நான் குறைவாக மதிக்க மாட்டேன். பற்றுச்சீட்டு இருந்தால்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடமும் முறையிட முடியும்.

அதோடு எங்கள் கரையில் உப்பு என்று ஒன்று இருக்கிறதே. ஆலங்குடாப் பக்கம் என் தோழி ஒருத்தியின் வீட்டில் புத்தம் புதிய கணினியை ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். கச்சான் காற்று இரண்டு பருவம் வீசியது. யூஎஸ்பி துளைகளில் துரு ஏறிவிட்டது. உத்தரவாதக் காலம் மிச்சம் இருந்தும், துருவுக்கு அது பொருந்தாது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். பாவித்ததை வாங்கும்போது முதலில் அடிப்பக்கத்துத் திருகாணிகளைப் பாருங்கள். அவை செம்மஞ்சளாக இருந்தால் அந்தக் கணினி எங்காவது ஒரு கடற்கரையில் வாழ்ந்திருக்கிறது. விட்டுவிட்டு வாருங்கள்.

முப்பரிமாண வேலையும் காணொளித் தொகுப்பும் செய்யப் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு பொருந்தாது. அவர்கள் தனி கிராஃபிக்ஸ் அட்டையுள்ள புதியதற்குப் பொறுத்திருந்து சேர்க்கட்டும். போட்டோஷொப் 'சும்மா' போட்டுத் தருகிறோம் என்று சொல்வதையும் வாங்காதீர்கள். அது களவுப் பிரதி. ஹலால், ஹராம் பார்க்கும் எங்கள் வீடுகளில் இதை மட்டும் ஏன் கேட்காமல் விடுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. கிம்ப், இன்க்ஸ்கேப், கிரிட்டா மூன்றும் உண்மையிலேயே இலவசம், பழகுவதற்குத் தாராளம்.

கடைசியில் எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றை எடுத்து, ரேமை 16 ஆக்கினோம். காப்பு உம்மாவின் கையில்தான் இருக்கிறது. ராத்தாவின் முதல் வேலை ஏத்தாளையில் ஒரு கலியாணக் காட். அச்சகத்திலிருந்து வந்தபோது அதன் பச்சை கொஞ்சம் கறுத்திருந்தது. திரையின் குற்றமா, அச்சு மையின் குற்றமா, ராத்தாவின் குற்றமா என்று புதிய வழக்கு நடக்கிறது. "அப்பவே புதுசு வாங்கி இருந்தா..." என்று உம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார்.